விவசாயிக்கு வேறு பேர்

"ஃபார்மருங்கறதுக்கு வேற இங்கிலீஷ் வார்த்தை ஏதாச்சும் இருக்குதா அம்மிணி?"

மோகனூர் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பிரபா நிமிர்ந்து பார்த்தாள். கையில் மகனுடைய கல்யாண பயோடேட்டாவோடு நின்றிருந்தார் சின்னுசாமி.

"ஏனுங்க, போன வாரம்தானே அடிச்சுக் குடுத்தேன்?"

"அந்த வார்த்தைதான் வெனையாப் போச்சு. அதைப் பார்த்ததுமே பொண்ணு ஊட்டுக்காரங்க போனை எடுக்கறதில்ல. தீனதயாளனுக்கு முப்பத்திநாலு ஆச்சு சாமி."

மகனோடு படித்தவர்களின் பிள்ளைகள் ஸ்கூல் வேனில் போவதைத் தினமும் பார்க்கிற மனுசன். பாவம்தான்.

பிரபா செல்போனில் தேடினாள்.

"கல்டிவேட்டர்னு ஒண்ணு இருக்குதுங்க."

"அது டிராக்டருக்குப் பின்னால மாட்டறதாச்சே! அதுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"பெசன்ட்?"

"அர்த்தம் என்னன்னு பாரு."

"ஏழைக் குடியானவன்னு போட்டிருக்குதுங்க."

"ஆத்துத் தண்ணி பாயற கரும்புக் காட்டை வெச்சுக்கிட்டு நாங்க ஏழையாமா? அடுத்ததைச் சொல்லு."

"பிளான்டர்ங்க. எஸ்டேட் வெச்சிருக்கறவங்களைச் சொல்றது."

சின்னுசாமிக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது. "எஸ்டேட் எங்கேன்னு கேட்டா வாழைத்தோப்பைக் காட்ட முடியுமா?" என்று அவரே கைவிட்டார்.

கடைசியில் 'அக்ரிப்ரெனர்' கிடைத்தது.

"அப்பிடின்னா?"

"விவசாயத்தைத் தொழிலாச் செய்யறவங்க."

"எம் பையன் அதைத்தானே செய்யறான்?"

"அதேதானுங்க. ஆனா கேக்கறதுக்குக் கம்பெனி மொதலாளியாட்டம் இருக்கும்."

"போடு, போடு!"

அவள் அடிக்க அடிக்க, இவர் பொரிந்து தள்ளினார்.

"மூணு வேளையும் சோறு மட்டும் வேணும். அதை வெளைய வெக்கறவன் மாப்பிள்ளையா வந்தா ஆகாது! போன மாசம் ஒருத்தன், 'தோட்டங்காடு இருக்கணும், ஆனா மாப்பிள்ளை அதுல எறங்கக் கூடாது'ங்கறான். மனுசங்களா இவங்கெல்லாம்?"

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூட "நாயந்தானுங்க" என்று தலையாட்டினார்கள். பிரபாவும் சேர்ந்துகொண்டாள்.

"எங்கப்பாவும் விவசாயிதானுங்க. உங்க பையனுக்குச் சீக்கிரமே நல்ல எடமா அமையும், பாருங்க."

அச்சடித்த தாளை வாங்கி மடித்த சின்னுசாமி, சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

"அப்பிடியே எம் பொண்ணு மதுமதிக்கும் ஒண்ணு அடிச்சுரு. எம்.எஸ்சி. முடிச்சிருக்குது."

"சரிங்க. எந்த மாதிரி மாப்பிள்ளை எதிர்பாக்கறீங்க?"

"ஐ.டி., பேங்க், கவர்மென்ட்டு, எதானாலும் சரி. விவசாயி மட்டும் வேண்டாம்னு போட்டுரு."

பிரபா அவர் கையிலிருந்த மகனின் தாளைப் பார்த்தாள். சின்னுசாமி அதைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கிட்டே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"வெறும் ஃபார்மர்னு மட்டும் போட்டு உட்டுறாத அம்மிணி. இப்பெல்லாம் இங்கிலீஷ்ல பேரை மாத்திப் போட்டு ஏமாத்தறானுக. நீ தேடுனியே, அத்தனை வார்த்தையும் வேண்டாம்னு சேர்த்துப் போட்டுரு!"