வாலை விட்டுட்டியே!

"வலது பக்கம்... இன்னும் கொஞ்சம் மேல. அங்கேதான் இருக்கு, பாரு!"

"எங்கேங்க? எனக்கு இலைதான் தெரியுது."

"இலையைப் படம் பிடிக்கவா கடை கடையா ஏறி இறங்கி கேமரா வாங்கினோம்?"

பூங்காவின் கல் பெஞ்சில் வக்கீல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி புதுக் கேமராவும் கையுமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவள்; மெஷினுக்கு முன்னால் குனிந்தே பழகிய கழுத்து. மரத்தை அண்ணாந்து பார்த்து எத்தனையோ காலமாகிறது. இதுவரை கேமராவில் விழுந்தவை: கொஞ்சம் கிளை, நிறைய ஆகாயம், அவளுடைய கட்டைவிரல்.

"பறந்துடுச்சு போலங்க."

"இல்லை. கீழ்க் கிளைக்கு வந்துடுச்சு. சத்தம் போடாம இடது பக்கம் திரும்பு."

திரும்பினாள். ஒன்றும் தெரியவில்லை. "உங்க வேலையை என்கிட்டயே காட்டறீங்களா? இல்லாத சாட்சியை இருக்குன்னு சாதிக்கிறீங்க!"

"சார் சொல்றது சரிம்மா, அங்கேதான் இருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். முழங்கை நீள லென்ஸோடு நடைபாதையில் வந்த ஒருவர் நின்றுவிட்டார். "சார், உங்களுக்குக் கழுகுக் கண்ணு! வருஷக்கணக்கா அலையற எனக்கே இப்பத்தான் தட்டுப்பட்டுச்சு. ரொம்ப நாள் பழக்கமோ?"

"இன்னைக்குத்தான் ஆரம்பம்," வக்கீல் சிரித்தார். "தினமும் விடியறப்ப எங்க ஜன்னல்கிட்ட வந்து கத்திட்டுப் போவான். ஆள் யாருன்னு கேட்டா, 'ஏதோ குருவி'ன்னு முடிச்சிடுவா. காக்காவைத் தவிர எல்லாமே இவளுக்குக் குருவிதான்."

"காலையில எனக்குத் தலைக்கு மேல வேலை..."

"ஷ்! பேசாதே. இப்ப எடு!"

க்ளிக்.

கேமராவின் திரையைப் பார்த்தவள் போட்ட கூச்சலில் பறவை பறந்தே போனது.

"விழுந்துடுச்சுங்க! முழுசா, அப்படியே விழுந்திருக்கு!"

"சொல்லு, சொல்லு!"

"முதுகு அரக்குப் பட்டுங்க. கழுத்துல வெயில் பட்ட இடம் ஊதா அடிக்குது. வயிறு பளீர்னு எலுமிச்சை மஞ்சள். மூக்கு, தையல் ஊசியை வளைச்சு வச்ச மாதிரி! இத்தனை நாளா இதைப் போயா ஏதோ குருவின்னேன்?"

"கண்ணு?"

"கறுப்பு மணி. பிடுங்கி ரவிக்கையில தைக்கலாம் போல இருக்கு!"

வக்கீலுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

லென்ஸ்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஆண் தேன்சிட்டும்மா! முதல் நாளே அசத்திட்டீங்க," என்று கேமராவை வாங்கி, வக்கீல் முகத்துக்கு நேரே நீட்டினார். "வாயால எதுக்கு சார் கேட்டுக்கிட்டு? நீங்களே பாருங்க."

வக்கீல் பையிலிருந்த வெள்ளைக் கோலை எடுத்து, மடிப்பை விரித்தபடி எழுந்தார்.

"சின்ன வயசுலேயே பார்வை போயிடுச்சு சார், குரலை வச்சுத்தான் இடம் சொன்னேன். ஆனா நிறமெல்லாம் மறக்கலை, இவ நின்னு பார்த்துச் சொல்லணும்னுதான் கேமராவே வாங்கினேன்," என்றவர் மனைவியின் தோளைத் தொட்டார். "வாலை விட்டுட்டியே, அதையும் சொல்லு!"