பக்கத்து முடிச்சு

தர்காவின் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த தன் பச்சை நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள் மருமகள்.

"வேண்டினது நடந்துடுச்சாம்மா? நடந்தாத்தான் அவிழ்க்கணும்" என்றார் தர்காவைப் பார்த்துக்கொள்பவர்.

"நடந்துடக் கூடாதுன்னுதான் அவிழ்க்கிறேன், ஐயா."

"அடடா! இங்கே அடங்கியிருக்கிற ஞானி, திருட வந்தவனுக்கே தன் போர்வையைத் தூக்கிக் கொடுத்தவர். கேட்டது நல்லதா கெட்டதான்னெல்லாம் பார்க்க மாட்டார். சட்டுனு அவிழ்த்துடும்மா!"

பக்கத்தில் இருந்த வெள்ளை நூல் யாருடைய வேண்டுதலோ என்று, அதில் கைபடாமல் தன் நூலை மட்டும் உருவிக்கொண்டு, நேற்று மாமியாரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கட்டிலில் மாமியார் கண் திறந்தாள்.

"தர்காவுக்குப் போயிட்டு வர்றியா?"

மருமகள் பச்சை நூலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"போன வாரம் நீ அழுதுக்கிட்டே நூல் கட்டினதைப் பார்த்தேன்டி. கேட்டா சொல்லவா போறே? அதான் நீ போனதும், உன் நூலுக்குப் பக்கத்துலயே ஒரு வெள்ளை நூலைக் கட்டி, 'என் மருமக கேட்டதை அப்படியே கொடுத்துடுங்க'ன்னு வேண்டிக்கிட்டேன். அப்படி என்னடி கேட்டே?"

"இதோ வந்துடறேன், அத்தை!" என்று மறுபடியும் தர்காவுக்கே ஓடினாள் அவள்.

'இந்தக் கிழவி சீக்கிரம் போய்ச் சேரணும்' என்று கேட்டதை எந்த வாயால் சொல்வாள்?