காதில் இருப்பவன்

என் மனைவி தமயந்தியைத் தினமும் சிரிக்க வைக்கிறவன் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவள் வீட்டிலிருந்தபடியே காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறாள். பத்து முடிந்ததும் காதிலிருக்கும் கருவி அவளைப் பாராட்டும். உடனே முகம் மலர்ந்துவிடும். ஒருவர் யாருடைய பாராட்டுக்கு ஏங்குகிறாரோ, அவர் குரலிலேயே பாராட்டினால் கூடுதலாக உழைப்பார் என்று கண்டுபிடித்த பொருளாதாரப் பேராசிரியன் சாட்சாத் நான்தான். அது யார் என்பதைக் கருவியே மோப்பம் பிடித்துவிடும். அதற்காக விருதுகூட வாங்கினேன்.

"யாரு அது? உன்கூடப் படிச்சானே, அந்த பிரான்சிஸா?"

"கேக்கக் கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதானே?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று பத்தாவது விண்ணப்பத்தை முடித்த கையோடு குக்கர் விசிலடிக்க, கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். நான் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அசத்திட்ட தமயந்தி. இவ்வளவு நேரம் குனிஞ்சே இருக்கியே, கழுத்து வலிக்கலையா? நீ இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே ஓடாது."

என் குரல். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் அவளிடம் சொன்னதில்லை.

திரும்பினால், தமயந்தி நின்றிருந்தாள். கோபப்படவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"குடுங்க. அவர் காத்துக்கிட்டு இருப்பார்."