ஒரே ஒரு வாடிக்கையாளர்

"என்னத்தை வித்தீங்க, யாருக்கு வித்தீங்க? ரெண்டுமே சொல்லாட்டி அது என்ன தொழில், மிஸஸ் டிசோன்? பேய்க்கு வித்தீங்களா?"

பேராசிரியர் செவெரினோ லக்சமானா கையிலிருந்த ஒற்றைத் தாளை மேசைமேல் விட்டெறிந்தார். எதிரே நின்ற பெர்லித்தா டிசோன் அசையவில்லை. பதினாறு வருடங்களாக அரசுப் பள்ளியில் சமையலும் தையலும் கற்பிக்கிற ஆசிரியை அவள். சனிக்கிழமைதோறும் ஜீப்னி வண்டி பிடித்து சான் பெர்னாண்டோ கல்லூரிக்கு வந்து முதுகலை படிக்கிறாள். தொழில்முனைவுதான் கடைசிப் பாடம். தேறினால் பட்டம், பட்டம் வந்தால் பதவி உயர்வு. தவறினால் இன்னொரு வருடம் ஜீப்னி.

பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கப் போகிறவர் முதலில் தாமே ஒரு தொழில் நடத்திக் காட்ட வேண்டும் என்பது லக்சமானாவின் சட்டம். திட்டம் எழுத வேண்டும், பொருளை விற்க வேண்டும், வாங்கியவரின் கருத்தையும் வாங்கி வர வேண்டும்.

"மத்த பதினோரு பேரையும் பாருங்க" என்று ஓரத்தில் இருந்த அடுக்கைத் தட்டினார். "முருங்கைக்கீரை ரொட்டி, முருங்கைக்கீரை நூடுல்ஸ், முருங்கைக்கீரை ஐஸ்கிரீம்..."

"ஐஸ்கிரீமைச் சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன். மாடு திங்காது. ஆனா ருசி பார்த்த முப்பது பேரும் ஒன்பதுக்கு ஒன்பது போட்டிருக்காங்க."

"நம்ம ஊர்ல மூஞ்சிக்கு நேரா எவன் சார் நல்லா இல்லைன்னு சொல்லுவான்?"

"அது கிடக்கட்டும். எழுதியிருக்கிற நேர்த்தியைப் பாருங்க! வருகைப் பதிவுல தன் பேரை எழுதவே திணறுற பெர்னாபே, சந்தை நிலவரத்தை எப்படி அலசியிருக்கான்! ஒவ்வொண்ணும் செதுக்கி வச்ச மாதிரி இருக்கு."

"நிஜமாவே நல்லா இருக்கா சார்?" பெர்லித்தாவின் முகம் மலர்ந்தது.

"உங்களுக்கு ஏன் பல்லு தெரியுது? உங்களுது ஒரு பக்கம்! 'குடும்பத் தொழில். நன்றாக நடக்கிறது.' இதுக்கு நான் என்ன மார்க் போடறது?"

"உள்ளதைத்தானே சார் எழுதியிருக்கேன்? அம்மா ஆரம்பிச்சது, முப்பது வருஷமா நடக்குது. வாங்கினவங்க பேரை மட்டும் வெளிய விடமாட்டோம். எங்க குடும்ப கௌரவம் அதுல இருக்கு."

"கௌரவமா!" லக்சமானாவின் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது. "வெளிய சொல்ல முடியாத தொழிலுக்கு கௌரவம் ஒண்ணுதான் குறைச்சல். என்ன, கள்ளச் சாராயமா? நம்பர் சீட்டா?"

"சீச்சீ! படிச்சவங்க மட்டும்தான் சார் எங்ககிட்ட வருவாங்க."

"கௌரவம்னா என்னன்னு லக்சமானா குடும்பத்தைக் கேளுங்க. நாலு தலைமுறையா வாத்தியாருங்க. எங்க தாத்தா பேர்ல பள்ளிக்கூடமே இருக்கு. ஊர்வலம் போனா எங்க வீட்டு வாசல்ல சாமி ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போகும்."

"தோள் வலிச்சு இறக்கி வைப்பாங்களா இருக்கும் சார்."

"மிஸஸ் டிசோன்!"

"மன்னிச்சிடுங்க சார்."

"எங்க வீட்டுல எவனும் குறுக்கு வழியில ஒரு குண்டூசி எடுத்ததில்ல. இதோ, இந்தப் பட்டம்..." தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய முனைவர் பட்டச் சான்றிதழைப் பார்க்காமலே சுட்டிக்காட்டினார். "ராத்திரி பகலா ரத்தம் சிந்தி வாங்கினது. நீங்க ஒரு பக்கம் எழுதிட்டு முதுகலைப் பட்டம் கேக்கறீங்க."

சிவப்புப் பேனாவைத் திறந்தார். அந்தக் கல்லூரியில் ஐந்து என்று போட்டால் தோல்வி. பேனா முனை மதிப்பெண் கட்டத்துக்கு வந்துவிட்டது.

"சார், கொஞ்சம் பொறுங்க."

"எதுக்குப் பொறுக்கணும்? முப்பது வருஷத்துல உங்க அம்மா சரக்கு நல்லா இருந்துச்சுன்னு ஒரு மனுஷன் சொல்லியிருக்க மாட்டானா? ஒரே ஒரு பேர் எழுதிக் குடுங்க. நானே விசாரிக்கிறேன். இல்லைன்னா அஞ்சு."

பெர்லித்தா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எழுதிக் குடுத்தா அது உங்களைத் தாண்டி வெளிய போகாதே சார்?"

"லக்சமானா வார்த்தை மேலயே சந்தேகமா?"

"அப்ப சரி. இந்த ஒரு பேரை உங்ககிட்ட சொன்னா எங்க கௌரவத்துக்குப் பங்கம் வராது."

ஒரு துண்டுத்தாளில் எழுதினாள். இரண்டாக மடித்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். லக்சமானா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிரித்தார்.

'பொருள்: முனைவர் பட்ட ஆய்வேடு, 212 பக்கங்கள். விற்றவர்: என் அம்மா, கல்லூரி வாசல் டைப்பிங் கடை. வாங்கியவர்: செவெரினோ லக்சமானா.'

லக்சமானா எழுந்தார். போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா... நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க சார். கண்ணுதான் சரியாத் தெரியல. ரெண்டு வருஷமா நான்தான் எல்லாருக்கும் எழுதிக் குடுக்கறேன்."

லக்சமானா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"என் மூத்த பையன் அடுத்த வருஷம் முனைவர் படிப்புல சேர்றான், டீச்சரம்மா. இப்பவே சொல்லி வச்சிட்டா, நேரத்துக்கு முடிச்சுக் குடுத்துடுவீங்க இல்ல?"