கார்பைனின் வார்

வாரின் கொக்கி பிய்ந்துவிட்டது என்று வீரமணி கார்பைன் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது, தேவிப்பிரியா டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஈரக் கையைச் சீருடையிலேயே துடைத்துக்கொண்டு வந்தாள்.

பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டிய அந்த முகாமில் புருஷன் பெண்டாட்டி இருவருமே வனக்காவலர்கள். துப்பாக்கி அலமாரியின் சாவி அவள் பொறுப்பு. மத்தியானமானால் அவனுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும் அவள்தான்.

அலமாரியில் இருந்தவை இரண்டே இரண்டு.

ஒன்று நீளமான பழைய ரைபிள். குண்டு தூரம் போகும். சுட்டால் மலை திரும்பப் பேசும். ஆனால் கனம். உண்ணிப் புதரில் நுழைந்தால் மாட்டிக்கொள்ளும். பைக்கில் போனால் போகிற வருகிறவர்களை எல்லாம் இடிக்கும்.

இன்னொன்று இந்தக் கார்பைன். கட்டையை மடக்கினால் ஒரு கை நீளம்கூட வராது. தோட்டா சிறியது, எட்டத்துக்கு உதவாது. முதுகில் மாட்டிக்கொண்டால் இருப்பதே தெரியாது.

வீரமணி எப்போதும் கார்பைனைத்தான் கேட்பான். காட்டில் மரம் சாய்ந்து கிடக்கும், ஓடை குறுக்கே வரும், இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் வேலை ஆகும் என்பான்.

தைக்க ஊசி அகப்படவில்லை. தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுகிற பச்சைச் சரடு ஜன்னலில் தொங்கியது. அதை எடுத்து வாரைத் துப்பாக்கியின் வளையத்தோடு இறுக்கிக் கட்டினாள்.

"மூணு முடிச்சா போட்டுட்ட? இனிமே இது என்னெ வுட்டுப் போவாது" என்றான்.

"போறதா இருந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போவச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

அன்று பொழுது சாயும்போது, காட்டோரத்தில் தீர்த்தம்மாள் என்பவளின் ராகிக் கொல்லையில் யானை இறங்கியது. தீர்த்தம்மாள் பிழைத்தாள். வீரமணி பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தவர்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு சவுரியப்பன் பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கிப் பேச்சு வந்தால் அவரை நிறுத்த முடியாது.

"ரைபிளா இருந்திருந்தா ஒரே சத்தம். யானை வந்த வழியே திரும்பியிருக்கும். இந்தக் கட்டைத் துப்பாக்கி படபடங்குது. நம்ம ஜனங்க போடற பட்டாசுல அதுங்களுக்குக் காதே பழகிப்போச்சு. இதையும் பட்டாசுன்னு நெனச்சிருக்கும்."

ஒருவரும் மறுக்கவில்லை. அன்றைய படபடச் சத்தத்தைச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கேட்டிருந்தன. ராகி முற்றுகிற காலத்தில் இங்கே கொல்லைக்குக் கொல்லை பட்டாசு வெடிக்கும். யானைகள் இப்போதெல்லாம் காதைக்கூட அசைப்பதில்லை.

உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த தேவிப்பிரியாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அலமாரியில் இரண்டு இருந்தன. கார்பைனை எடுத்துக் கொடுத்தது அவள் கை. அந்த நேரத்தில் அது அவனைக் கைவிட்டுவிட்டதா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

கூட வேலை பார்க்கும் மாதேஷ் ஒரு லுங்கி மூட்டையோடு உள்ளே வந்தான்.

"அக்கா, அலமாரிச் சாவி உங்ககிட்ட இருக்குதுங்க. அதான் அன்னைக்கிருந்து இதை எம் பொட்டியில பூட்டி வெச்சிருந்தேன். யாரும் தொடலீங்க. நாளைக்கு விசாரணைக்கு வராங்க."

அவள் மூட்டையை வாங்கிப் பிரித்தாள்.

பழகிய கை, துப்பாக்கி திரும்பி வந்தால் செய்வதைச் செய்தது. குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினாள்.

கனத்தது.

மேலே தெரிந்த தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. உள்ளே இன்னொன்றுக்கு இடமில்லை.

குழாயை மூக்கருகே கொண்டுபோனாள். எண்ணெய் வாசம் மட்டும்தான், மருந்து வாசம் இல்லை.

விசை, அவள் பூட்டிக் கொடுத்த இடத்திலேயே பூட்டிக் கிடந்தது.

"இது சுடவே இல்லையே" என்றாள். அவள் குரல் பந்தல்வரை போனது.

வாசற்படியில் தீர்த்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப் போனவள். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அது பட்டாசுங்க. எங்க கொளுந்தனாரு போட்டது" என்றாள். "அவரு துப்பாக்கியத் தொடவே இல்லீங்க, அது முதுகுலயே கெடந்துதுங்க. அவரு ரெண்டு கையிலயும் நாந்தானுங்க இருந்தேன். வரப்பு மேலயே ஓடியாந்து என்னெப் பாறை மேல ஏத்தி வுட்டுட்டாருங்க. அவரு ஏறதுக்குத்தான் நேரமில்லீங்க."

சவுரியப்பன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

தேவிப்பிரியா மேகசினைத் தனியே வைத்தாள். துப்பாக்கியை மறுபடி லுங்கியில் சுற்றுவதற்காகத் திருப்பினாள். வார் நெடுகக் கொல்லைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

வளையத்தின் அருகே விரலால் சேற்றை உதிர்த்தாள்.

பச்சைச் சரட்டின் மூன்று முடிச்சும் அவள் போட்டபடியே இருந்தன.