கூரையில்லாத இடம்

கோட்டைக்குள் நுழைந்ததிலிருந்து உமாபதி அண்ணாந்து பார்த்தபடியே நடந்தான்.

முதலில் காவலர் அறை. எட்டிப் பார்த்தான். மேலே மர உத்தரம். திரும்பிவிட்டான்.

அடுத்தது ஒரு சின்ன தேவாலயம். உலகப்போர் முடிந்து இருபது வருஷம் கழித்து இப்போதுதான் புது ஓடு வேய்ந்திருந்தார்கள். அதன் வாசற்படியைக்கூட அவன் மிதிக்கவில்லை.

பின்னால் வந்த கிரிஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன அத்தான், வாடகைக்கு எடுக்கப் போறீங்களா? எங்க ஒழுகுதுன்னு பாக்கற மாதிரியே பாக்கறீங்க!"

அவன் அடுத்த வாசலைத் தேடி நடந்தான்.

ஜெர்மனியில் இந்த ஆஹென் ஊருக்கு வந்த எட்டு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஒரே ஒரு கோட்டையாவது காட்டுங்கள் என்று. ஆராய்ச்சிக்கூடமே கதியென்று கிடந்தவன் அசைந்து கொடுக்கவில்லை. இன்று சனிக்கிழமை. காலையில் தபால்காரர் போன கையோடு, தெருவில் நின்றபடியே மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வா. கோட்டை பார்க்கப் போகிறோம். வரும்போது இரண்டு துண்டு எடுத்துக்கொள்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

"கோட்டை பாக்கறதுக்குத் துண்டு எதுக்கு? ராஜா நமக்காகக் குளம் வெட்டி வெச்சிருக்காரா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே ஐஃபல் மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கடைசியாக அந்தக் காவல் கோபுரம். சிவப்புக் கல். உள்ளே மாடி, படி எதுவும் மிச்சமில்லை. அண்ணாந்தால், கிணற்றின் அடியிலிருந்து பார்ப்பது போல வானம் வட்டமாகத் தெரிந்தது. அக்டோபர் தூறல் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

உமாபதி நின்றான்.

"இங்கயே போதும்."

கோட்டின் உள்பையிலிருந்து ஒரு விமானத் தபால் உறையை எடுத்தான். நான்கு மூலையிலும் கறுப்பு தடவியிருந்தது.

கிரிஜாவின் சிரிப்பு நின்றது.

மூலையில் மஞ்சள் என்றால் கல்யாணம். கறுப்பு என்றால் சாவு. சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் வைத்துப் பிரிக்கக் கூடாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுக வேண்டும்.

உலோகத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவன்தான். ஆனாலும் அந்த உறையோடு படியேற அவனுக்குக் கால் வரவில்லை. தெருவிலேயே பிரிக்கலாமென்றால், ஒரு பெண் நடுத்தெருவில் நின்று அழுவதை ஊரே வேடிக்கை பார்க்கும். கூரையில்லாத, ஆளில்லாத ஓர் இடம் அவனுக்கு வேண்டியிருந்தது. மலைக்குக் கீழே ஆறு ஓடியது நல்லதாகப் போயிற்று.

துண்டு எதற்கென்று கிரிஜாவுக்கு இப்போது புரிந்தது.

யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

உமாபதி மாமா பெண்ணைக் கட்டிக்கொண்டவன். அவன் அம்மா தை மாதம் பக்கவாதத்தில் விழுந்தவள். கிரிஜாவின் அப்பாவுக்கு ஆவணியில் இரண்டாவது முறையாக மாரடைப்பு. அக்காவும் தம்பியும் கும்பகோணத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். 'அக்காவுக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. எனக்கும் மார்வலி விட்டபாடில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்' என்று போன கடிதத்தில் மாமா எழுதியிருந்தார்.

தந்தி வேண்டாமென்று புறப்படும்போதே பேசி வைத்தது. தந்தி கிடைத்தாலும் கொள்ளிக்குப் போய்ச் சேர முடியாது.

உறையைப் பார்த்தும் கண்டுபிடிக்க வழியில்லை. ஜெர்மன் விலாசம் எழுத ஊரில் யாருக்கும் வராது என்று, வந்த முதல் மாதமே ஐம்பது சீட்டு டைப் அடித்து அனுப்பியிருந்தான். யார் கடிதம் போட்டாலும் அதில் ஒன்றைக் கிழித்து ஒட்டுவார்கள். இதிலும் அந்தச் சீட்டுதான்.

அம்மா போயிருந்தால் எழுதியது மாமா. மாமா போயிருந்தால் எழுதியது மைத்துனன் வாசுதேவன்.

உள்ளே இருப்பது யார் கையெழுத்து? அவ்வளவுதான் கேள்வி.

மாமா 'கி' எழுதினால் தனியாகத் தெரியும். அதன் கொக்கி அடுத்த எழுத்துக்கும் குடை பிடிப்பது போல நீளும். மகள் பெயரை எழுதும்போது இன்னும் கொஞ்சம் நீளும்.

உமாபதி உறையை நீட்டினான்.

"எனக்குக் கை வரல. நீயே பிரி."

வாங்கிக்கொண்டாள். உறை கோணலாகக் கிழிந்தது. உள்ளே ஒரே தாள். உச்சியில் பிள்ளையார் சுழி இல்லை. ஒரு மழைத்துளி தாளில் விழுந்து நீல மை கசிந்தது.

அவன் கடிதத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. தன் பெயரில்.

கிரிஜா சிரித்துவிட்டாள்.

ஒரு கணம்தான். உடனே பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிரம்பி வழிந்தது.

"அத்தான்..."

உமாபதி பையிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். ஆற்றுக்கு இறங்கும் வழி எதுவென்று தேடி நடந்தான்.