வெறுங்கால் படம்

ஷூவைக் கழற்றிவிட்டு வந்து நிற்கச் சொல்கிறார்கள் என்று மகள் தமாண்டா ஓடிவந்து சொன்னபோது, லுக்கியாவின் கையில் எண்ணெய் சொட்டுகிற கரண்டி இருந்தது. அதைச் சட்டியிலேயே போட்டுவிட்டு மைதானத்துக்கு நடந்தாள். கரண்டியோடு போகாதது வெள்ளைக்காரர்கள் செய்த புண்ணியம்.

அந்த ஷூ என்ன வானத்திலிருந்தா விழுந்தது? விடிவதற்கு முன் எழுந்து மாவு பிசைந்து, மண்டாசிப் பணியாரம் சுட்டுச் சுட்டுக் கையெல்லாம் கொப்புளமாகி, விற்ற காசில் சந்தையில் பழைய ஷூக் குவியலைக் கிளறி எடுத்தது. இடது காலில் ஒட்டுப் போட்டிருந்தாலும் ஷூ ஷூதான். அதைப் போட்டுக்கொண்டு தமாண்டா அடிக்கிற பந்தைப் பிடிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது.

ஆண்டுதோறும் பத்து நாள் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்க வருகிற வெள்ளைக்காரக் கூட்டம் அது. தலைவர் ராட்னி வரத் தொடங்கி இருபது வருடம் ஆகிவிட்டது. தொப்பியும் விசிலுமாக நடுவில் நின்று, "லிம்பானி! லிம்பானி!" என்று ஒரு பையனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நின்றிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆணோ பெண்ணோ, வயதுக்கு வந்ததும் செய்கிற காட்டுச் சடங்கு முடிந்து புதுப் பெயரோடு திரும்பிய பிள்ளையைப் பழைய பெயர் சொல்லி யாராவது கூப்பிடுவார்களா? கெட்ட வார்த்தை சொல்வதும் அதுவும் ஒன்று. பெரிய மனுஷரிடம் அந்த அசிங்கத்தை யார் எடுத்துச் சொல்வது என்று இருபது வருடமாக ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது.

ராட்னி பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்கிற பள்ளி ஆசிரியர் சைதியிடம் லுக்கியா நேராகப் போனாள்.

"வாத்தியாரே, என் பொண்ணு எதுக்கு ஷூவக் கழட்டணும்?"

ஒரே ஒரு படம்தான், எடுத்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று சைதி குழைந்தார்.

"அதான் எதுக்குன்னு கேக்குறேன்."

சைதி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஷூ போட்ட பிள்ளையப் பாத்தா அவங்க ஊர்ல யாரும் உதவி பண்ண மாட்டாங்களாம், லுக்கியா."

லுக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தனை பிள்ளைங்க நிக்குது. இளிச்சவாயி எம் பொண்ணுதானா?"

சைதி போய்க் கேட்டுவிட்டு வந்தார். இவள் முகம்தான் பொருத்தமாக இருக்கிறதாம். எதற்குப் பொருத்தம் என்று லுக்கியா கேட்பதற்குள், கோல் கம்பத்தில் மூடிக் கட்டியிருந்த துணியை ராட்னி இழுத்துவிட்டார்.

ஆள் உயரத்துக்கு ஒரு படம். கிழிந்த கவுனில் ஒரு சிறுமி, பந்தை நெஞ்சோடு அணைத்தபடி, சேறு அப்பிய வெறுங்காலோடு நின்றாள். இத்தனை காலம் அவர்கள் நாட்டில் மாட்டியிருந்த படம் இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ராட்னி பேசத் தொடங்கினார். முதல் வருடம் இந்த மண்ணில் தான் பார்த்த குழந்தை இது, பெயர் மடாலோ என்றார். அந்தப் பெயர் வந்த இடத்தில் சைதி தடுமாறி, அதை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னார்.

மறுவருடம் வந்து வீடு வீடாக அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தாராம். ஒருவரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குழந்தை பசியில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அப்போதே புரிந்துபோனது, அவள் நினைவாகத்தான் எங்கள் நாட்டில் ஊர் ஊராக உதவி கேட்டு வருடா வருடம் வருகிறோம் என்றார். வந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. லுக்கியா யாரையும் பார்க்காமல் படத்தின் கிட்டே போனாள். கீழ் ஓரத்தில், புல்லுக்குள், பாதி வெட்டுப்பட்டு ஒரு நீலச் செருப்பு கிடந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"தமாண்டா, ஷூக் கயிற இறுக்கிக் கட்டுடி" என்றாள்.

பிறகு ராட்னியின் முகத்துக்கு நேராகத் திரும்பி நின்றாள். சைதி என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இதையும் அவருக்கு மாத்திச் சொல்லுங்க வாத்தியாரே. அன்னைக்கும் என் செருப்ப இவருதான் கழட்டச் சொன்னாரு."